கர்ப்பிணியின் பிரயாணம்: கடைக்காரர் அறிய வேண்டியவை



கொள்முதல், வரி, கடன் வசூல் என்று படித்துப் பழகிய தங்களுக்கு இந்தத் தலைப்பைக் கண்டதும் சற்று வியப்பாக இருக்கும். "இது பெண்கள் பார்த்துக்கொள்ளும் விஷயமாயிற்றே, கடைக்காரருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கவும் கூடும். வேலை இருக்கிறது. நம் வீடுகளில் யார் எப்போது ஊருக்குப் போவது, எந்த வண்டியில் போவது, என்றைக்குத் திரும்புவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது பெரும்பாலும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நாம்தான். தீர்மானம் நம்முடையது என்றால், அதன் நன்மை தீமையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒரு பெட்டி கண்ணாடிச் சாமான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த லாரி, யார் ஓட்டுகிறார், ஒழுங்காகக் கட்டினார்களா, பெட்டிக்கு மேல் வேறு பாரம் ஏற்றினார்களா, வழியில் எங்கே நிறுத்துவார், மழை வந்தால் தார்ப்பாய் உண்டா, இறக்கும்போது ஆள் இருக்குமா என்று எத்தனை கேள்வி கேட்கிறோம்! ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மனைவியையோ மகளையோ அனுப்பும்போது நாம் கேட்பது ஒரே கேள்வி: "டிக்கெட் கிடைத்ததா?" இந்தக் குறையைப் பிறரிடம் கண்டு எழுதவில்லை. நம்மிடமே இருந்தது. அதனால்தான் துணிந்து எழுதுகிறோம்.

நாம் செய்த பிழை

2014-ஆம் வருடம் நம் மனைவி இரண்டாவது பிள்ளையை உண்டாகியிருந்தார். பிரசவத்துக்குப் பினாங்கிலுள்ள தாய் வீட்டுக்குப் போவதென்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஆறாம் மாதத்திலேயே, "இப்போதே கொண்டுபோய் விட்டுவிடுங்கள், மச்சான்" என்று அவர் கேட்டார். நோன்பு வரப்போகிறது, பெருநாள் வியாபாரம் இருக்கிறது, கடையை விட்டு நகர முடியாது என்று தள்ளிப் போட்டோம். பெருநாள் கழிந்து, கணக்கை முடித்து, ஜூலைக் கடைசியில்தான் இரவு பஸ்ஸில் அழைத்துப் போனோம். அப்போது அவருக்கு 33 வாரம்.

மூவாரிலிருந்து பினாங்கு 500 கிலோமீட்டருக்கு மேல். பெருநாள் கூட்டத்தில் ஏழு மணி நேரப் பாதை பத்து மணி நேரமாயிற்று. நாமும் கூடத்தான் போனோம். போய் என்ன பிரயோஜனம்? ஏறியதும் தூங்கிவிட்டோம். அவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வெளியே வரவேண்டுமானால் நம்மை எழுப்ப வேண்டும். பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாததால், சிறுநீர் கழிக்க இடம் கிடைக்காதே என்று பயந்து தண்ணீரும் குடிக்கவில்லை. இரவு முழுவதும் கால்களைத் தொங்கவிட்டபடியே இருந்திருக்கிறார்.

மறுநாள் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தது. "வாயுப் பிடிப்பு" என்று வீட்டில் எண்ணெய் தேய்த்து நீவி விட்டார்கள். மூன்றாம் நாள் சுபுஹுக்கு எழுந்தவருக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். காலில் கட்டிய இரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். டாக்டர் நம்மைப் பார்த்து, "எத்தனை மணி நேரம் உட்கார்ந்து வந்தார்? இடையில் நடந்தாரா? என்ன குடித்தார்?" என்று கேட்டார். பக்கத்து இருக்கையில் வந்த நமக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. "கிளினிக் புத்தகம் எங்கே?" என்றார். அது மூவாரில் நம் கல்லாப்பெட்டிக்குள், பில் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது.

அல்லாஹ்வின் கிருபையால் தாயும் பிழைத்தார், பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. பிரசவம் வரைக்கும், அதற்குப் பின்னும் இரத்தம் கட்டாமலிருக்க நாள்தோறும் ஊசி போட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அவர் சொன்னார்: "சரக்கு வந்தா லாரிக்காரர்கிட்ட நீங்க கேக்குற கேள்வியில பாதிய எங்கிட்ட கேட்டிருக்கலாம், மச்சான்." அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். அந்தப் பாதிக் கேள்விகள் எவை என்று பிறகு டாக்டர்களிடமும் நர்ஸ்மாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதே இக்கட்டுரை.

கப்பல் காலத்துப் பாடம்

நம் நன்னி 1950-களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம்மவர்களை ஏற்றி இறக்கியது. நன்னி ஏறியபோது வயிற்றில் நம் பெரியத்தா இருந்தார். பாட்டனார் மூவாரிலிருந்து "உடனே புறப்பட்டு வரவும்" என்று கடிதம் எழுதியும், நன்னியின் தாயார் அசையவில்லையாம். "வாந்தியும் தலைசுற்றலும் நிற்கட்டும், அஞ்சாம் மாசம் ஏறட்டும். ஏழு முடிஞ்சா நான் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். அப்படியே ஐந்தாம் மாதத்தில் ஏறி, கப்பல் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கிலிருந்து ரயிலிலும் மோட்டாரிலுமாக வந்தார். மூவார் ஆற்றின் மேல் அப்போது பாலம் இல்லை. சுல்தான் இஸ்மாயில் பாலம் திறந்தது 1967-ல்தான். மலாக்காப் பக்கத்திலிருந்து வருபவர் படகுத்துறையில் காத்திருந்துதான் அக்கரைக்கு வர வேண்டும்.

பள்ளிக்கூடம் போகாத அந்தத் தாயார் போட்ட கணக்கும் இன்றைய டாக்டர்கள் சொல்லும் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைப் பின்னால் காண்பீர்கள். நெடுந்தூரக் கப்பலென்பதால் அன்று யோசித்து அனுப்பினார்கள். 1985-ல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்த பிறகு அந்தக் கடல்வழிப் பிரயாணமே நின்றுவிட்டது. இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வண்டி வேகமானதும் நமக்கு யோசனை குறைந்துவிட்டது. "நாலு மணி நேரம்தானே" என்று எட்டாம் மாதத்திலும் டிக்கெட் எடுக்கிறோம்.

மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கு வேண்டும்

நம் வீடுகளில் "எட்டு மாசம்" என்பார்கள். எட்டு தொடங்கியதா முடிந்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். டாக்டர்களும் விமானக் கம்பெனிகளும் வாரக் கணக்கில்தான் பேசுகிறார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் பிரசவத்துக்கு 40 வாரம், அதாவது 280 நாள். உத்தேசப் பிரசவத் தேதி கிளினிக் புத்தகத்தில் எழுதியிருக்கும். நாம் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டால், எந்தத் தேதியில் எத்தனை வாரம் என்பதை நாமே எண்ணிவிடலாம்.

பிரயாணத்துக்கு ஏற்ற காலம் பொதுவாக 14 முதல் 28 வாரம் வரை. முதல் மூன்று மாதத்தில் மசக்கை, களைப்பு, வாந்தி இருக்கும். கருச்சிதைவு ஏற்படுவதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். அது பிரயாணத்தால் வருவது அல்லவென்றாலும், வழியில் நேர்ந்தால் தவிப்பு அதிகம். கடைசி மாதங்களில் உடல் பாரமாகும், கால் வீங்கும், குறைமாதப் பிரசவத்துக்கும் வாய்ப்புண்டு. நடு மாதங்களே சிலாக்கியம். நன்னியின் தாயார் சொன்ன "அஞ்சு முதல் ஏழு" இதற்குள் அடங்குகிறது.

யார் போகக் கூடாது?

இரத்தப்போக்கு உள்ளவர், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர், இரத்த அழுத்தம் கூடியவர், கடுமையான சோகை உள்ளவர், முன்பு குறைமாதத்தில் பிரசவித்தவர், இரட்டைப் பிள்ளை உண்டாகியிருப்பவர், முன்பு இரத்தக்கட்டி கண்டவர் ஆகியோர் டாக்டரின் சம்மதமில்லாமல் நெடுந்தூரம் போகலாகாது.

நம் நாட்டு அரசாங்க கிளினிக்குகளில் கர்ப்பிணிகளின் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நான்கு நிற அடையாளம் இடும் முறை உண்டு. வெள்ளை என்றால் தனிப்பட்ட அபாயம் காணவில்லை என்று பொருள். பச்சை, மஞ்சள் என்று ஏற ஏற டாக்டரின் கவனிப்பு அதிகம் வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. நம் வீட்டுப் புத்தகத்தில் என்ன நிறம் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? டிக்கெட் எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தாலும் அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது, "இன்ன தேதியில், இன்ன ஊருக்கு, இன்ன வண்டியில்" என்று சொல்லிச் சம்மதம் கேட்டுவிடுவது நல்லது.

உட்கார்ந்தே இருப்பதன் அபாயம்

நம் வீட்டில் நேர்ந்தது அபூர்வமான நோய் அல்ல. பிரசவத்தில் இரத்தம் அதிகம் போய்விடாதிருக்க, கர்ப்ப காலத்தில் இரத்தம் எளிதில் உறையும்படி இறைவன் உடலை அமைத்திருக்கிறான். அதனால் கர்ப்பிணிக்குக் கால் நரம்பில் இரத்தம் கட்டும் அபாயம் மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். வயிறு பெருக்கப் பெருக்கக் காலிலிருந்து மேலே போகும் இரத்தத்தின் ஓட்டமும் மந்தமாகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் அபாயம் இன்னும் கூடும். மலேசியாவில் 1991 முதல் தாய்மார் மரணங்களைத் தனித்தனியே விசாரித்து வருகிறார்கள். அவ்விசாரணைகளில் கவலையோடு பேசப்படும் காரணங்களுள் இந்த இரத்தக்கட்டியும் ஒன்று.

தடுப்பதற்குப் பெரிய செலவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வண்டியை விட்டு இறங்கி ஐந்து பத்து நிமிஷம் நடக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது கால்மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டவும், கணுக்காலைச் சுழற்றவும் வேண்டும். காலின் மேல் கால் போட்டு உட்காரக் கூடாது. தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். நெடும்பிரயாணத்துக்கு இறுக்கமான காலுறை அணியும்படி டாக்டர் சொன்னால், சரியான அளவு பார்த்து வாங்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவவே கூடாது. நீவினால் கட்டி இடம் பெயரக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இரத்தம் கட்டாமலிருக்கப் போடும் ஊசி மருந்துகளில் சில, பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. வேறு வகை மருந்தும் இருப்பதால், நாம் முஸ்லிம்கள் என்பதை டாக்டரிடம் சொல்லி, மாற்று பொருந்துமா என்று கேட்கலாம். ஆனால் உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மாற்று கிடைக்காவிட்டால் அதற்காக மருந்தைத் தாமதிக்க வேண்டாம். நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதை மதரஸாவில் நாமெல்லாரும் ஓதியிருக்கிறோம்.

எந்த வண்டி?

மோட்டார் கார்: கர்ப்பிணிக்கு இதுவே வசதியானது, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இருக்கை வார் வயிற்றை அழுத்துமென்று அதைப் போடாமல் விடுவது பெரும் தவறு. பின் இருக்கையிலும் வார் போட வேண்டும் என்பது 2009 முதல் இந்நாட்டுச் சட்டம். கீழ் வாரை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் படியும்படி போட வேண்டும். மேல் வார் மார்பின் நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். வயிற்றின் மேல் வார் குறுக்கே போகக் கூடாது. முன் இருக்கையானால் அதை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். கடை அடைத்துவிட்டு நள்ளிரவில் தூக்கக் கண்ணோடு ஓட்டாமல், தூங்கி எழுந்து காலையில் புறப்படுங்கள்.

தங்காக் வழியாக நெடுஞ்சாலை ஏறி வடக்கே போகிறவர்களுக்கு ஆயர் குரோவிலும் சிரம்பானிலும் ஓய்விடங்கள் உண்டு. கோலாலம்பூரைத் தாண்டினால் தாப்பாவில் உண்டு. பசியில்லாவிட்டாலும் அங்கே இறங்கி நடக்க வேண்டும். பெருநாளுக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களைத் தவிர்த்துவிட்டால், வாகன நெரிசலில் அகப்படும் கஷ்டமும் இல்லை.

பஸ்: கோலாலம்பூருக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் என்றால் சமாளிக்கலாம். பினாங்கு போன்ற தூரத்துக்குக் கோலாலம்பூரில் இறங்கி, உறவினர் வீட்டில் ஒரு நாள் தங்கி, மறுநாள் போவது நலம். சக்கரத்தின் மேலுள்ள இருக்கையும் கடைசி வரிசையும் அதிகம் தூக்கிப் போடும். நடுப்பகுதியில், நடைபாதை ஓரமாக இடம் கேளுங்கள். விரைவு பஸ்ஸில் பிரயாணிகள் வார் போட வேண்டும் என்ற சட்டமும் 2025 ஜூலையில் அமலுக்கு வந்திருக்கிறது. ஏறும்போதே ஓட்டுநரிடம், "அண்ணே, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறார், வழியில் இறங்கிக் கொஞ்சம் நிற்க வேண்டும்" என்று சொல்லி வையுங்கள். கேட்டால் பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். நாம் கேட்கவேயில்லை.

ரயில்: மூவாரில் இன்று ரயில் இல்லை. 1890-ல் ஓடத் தொடங்கிய பழைய மூவார் ரயில் 1929-லேயே நின்றுவிட்டது. ஆனால் 2025 முதல் மின்சார விரைவு ரயில் செகாமாட்டுக்கு வருகிறது. காரில் செகாமாட் போய் ரயில் ஏறினால், உள்ளேயே கழிப்பறை உண்டு, எழுந்து நடக்கலாம். பினாங்கு, ஈப்போ பக்கம் போகும் கர்ப்பிணிகளுக்கு இதை யோசித்துப் பார்க்கலாம்.

விமானம்: சுகமாக உள்ள கர்ப்பிணிக்கு விமானப் பிரயாணத்தால் கெடுதியில்லை. நிலையத்தில் சோதனை வாசல் வழியாக நடப்பதாலும் பிள்ளைக்குத் தீங்கில்லை. ஆனால் 28 வாரத்துக்குப் பிறகு டாக்டர் சான்று கேட்பது பொது வழக்கம். 36 வாரத்தை ஒட்டிப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை. சில இன்னும் முன்னதாகவே நிறுத்திவிடும். இரட்டைப் பிள்ளையென்றால் 32 வாரத்துக்கு மேல் வேண்டாமென்பது டாக்டர்களின் யோசனை. கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறுவதால், டிக்கெட் எடுக்குமுன் கேளுங்கள். திரும்பி வரும் தேதியிலும் எத்தனை வாரமாகியிருக்கும் என்று எண்ணுங்கள். போவதற்கு ஏற்றியவர்கள் வருவதற்கு ஏற்றாமல் போகலாம்.

"நாலு மணி நேரம்" என்ற கணக்கும் சரியல்ல. மூவாரிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம், அங்கே காத்திருப்பு மூன்று மணி, விமானம் நான்கு மணி, திருச்சியில் இறங்கி ஊர் போய்ச் சேர இன்னும் இரண்டு மூன்று மணி என்று கூட்டினால் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும். கடை வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும்தான் பிரயாணம். அந்த முழு நேரத்துக்கும் உணவு, தண்ணீர், ஓய்வு ஆகியவற்றை யோசிக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள்: கடைக்கும் வீட்டுக்குமாக நாம் ஓட்டும் வண்டியில் வயிறு பெருத்த பிறகு மனைவியை ஏற்ற வேண்டாம். பள்ளத்தில் குலுங்குவதைவிட விழுவதுதான் பெரிய ஆபத்து.

உணவும் கொசுவும்

நம் தேநீர்க்கடைகளில் காலையில் கேட்கும் அரைவேக்காட்டு முட்டை கர்ப்பிணிக்கு ஆகாது. முட்டை, இறைச்சி, மீன் எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும். வெட்டி வைத்த பழத்தைவிடக் கையோடு கொண்டுபோன வாழைப்பழமும் ஆரஞ்சும் மேல். மூடி திறக்காத புட்டித் தண்ணீர், அல்லது வீட்டில் காய்ச்சி ஆறிய தண்ணீர் எடுத்துப் போங்கள். தேத்தண்ணீரும் காப்பியும் நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பையோடு நிற்கட்டும். வெறும் வயிறும் கூடாது, முட்ட நிறைந்த வயிறும் கூடாது; சிறிது சிறிதாக உண்டால் குமட்டல் குறையும். பிரயாண வாந்திக்கு இஞ்சி நல்லது. மாத்திரை வேண்டுமானால் டாக்டரைக் கேட்டே வாங்க வேண்டும். கடையில் இருக்கிறதே என்று நம் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

கொசுவையும் அலட்சியம் செய்யலாகாது. டெங்கிக் காய்ச்சல் இங்கும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. 2016-ல் சிங்கப்பூரில் ஜிகா காய்ச்சல் பரவியபோது, ஜொகூர் பாருவில் ஒரு கர்ப்பிணிக்கும் அது கண்டது. அந்நோய் வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. போகிற ஊரில் முழுக்கை ஆடை, கொசுவலை, டாக்டர் சொன்ன கொசுவிரட்டி மருந்து ஆகியவை வேண்டும்.

கையோடு இருக்க வேண்டிய காகிதங்கள்

கிளினிக் புத்தகம் பெட்டிக்குள் அல்ல, அவருடைய கைப்பையில் இருக்க வேண்டும். இரத்த வகை, இரத்த அழுத்தம், ஸ்கேன் விவரம், ஒவ்வாத மருந்து எல்லாம் அதில் இருக்கும். அடையாள அட்டை, வழக்கமான மருந்துகள், டாக்டர் சான்று ஆகியவையும் கூட இருக்கட்டும். பிரயாண இன்ஷூரன்ஸ் எடுத்தால் பிரசவச் செலவு அதில் அடங்குமா என்று கேளுங்கள், பலவற்றில் அடங்காது. தமிழ்நாட்டில் பிரசவம் என்று தீர்மானித்தால், தகப்பனார் மலேசியப் பிரஜையாக இருக்கும் பட்சத்தில், பிள்ளை பிறந்த ஒரு வருடத்துக்குள் நம் நாட்டுத் தூதரக அலுவலகத்தில் பதிய வேண்டும். சென்னையில் அலுவலகம் உண்டு. அசட்டையாக விட்டால் பிள்ளையின் பிரஜா உரிமைக்கே சிக்கல் வரும்.

அபாய அறிகுறிகள்

இரத்தப்போக்கு, நீர் உடைந்து கசிதல், விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி அல்லது கடும் வயிற்று வலி, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், பிள்ளையின் அசைவு குறைதல். இவற்றில் ஒன்று கண்டாலும் "வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணாதீர்கள். மலேசியாவில் எங்கிருந்தாலும் 999-ஐ அழைக்கலாம். வடக்கே போகும் வழியில் மலாக்கா, சிரம்பான், கோலாலம்பூர், ஈப்போ என ஊருக்கு ஊர் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. தெற்கே பத்து பஹாட், குளுவாங், ஜொகூர் பாருவில் இருக்கிறது. அடுத்து வரும் ஆஸ்பத்திரி எது என்பது கூடப் போகிறவரின் மனத்தில் இருக்க வேண்டும்.

மார்க்கம் தந்த சலுகை

பிரயாணிக்கும் கர்ப்பிணிக்கும் நோன்பில் சலுகை உண்டு. நெடும்பிரயாணத்தில் தொழுகையைச் சேர்த்தும் சுருக்கியும் தொழலாம். நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். கழாவும் பித்யாவும் எப்போது என்ற விவரத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. அல்லாஹ் கொடுத்த சலுகையை வீட்டிலுள்ள பெரியவர்கள் பறிக்க வேண்டாம்.

ஹிஜ்ரி 10-ல் நபி (ஸல்) அவர்களுடன் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுக்கு, மதீனாவை விட்டு நீங்கி முதலில் தங்கிய துல்ஹுலைஃபாவிலேயே பிள்ளை பிறந்தது. என்ன செய்வதென்று கேட்கப்பட்டபோது, குளித்து இஹ்ராம் கட்டிக்கொள்ளும்படி வழி காட்டினார்கள். பிரசவம் நாம் குறித்த நாளுக்குக் காத்திராது என்பதற்கும், கேட்டுத் தெளிந்தால் கஷ்டமான நேரத்திலும் வழி உண்டு என்பதற்கும் இதைவிட வேறென்ன உதாரணம் வேண்டும்?

கடைக்காரருக்கு ஒரு சிட்டை

இதை எழுதிக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

1. பிரயாண நாளில் எத்தனை வாரம்? திரும்பும் நாளில் எத்தனை வாரம்?
2. புத்தகத்தில் என்ன நிறம்? டாக்டர் சம்மதித்தாரா?
3. வாசலிலிருந்து வாசல் வரை எத்தனை மணி நேரம்? எங்கெங்கே இறங்கி நடப்பது?
4. நடைபாதை ஓர இருக்கையா? வார் வயிற்றுக்கு அடியில் இருக்கிறதா?
5. புத்தகம், மருந்து, தண்ணீர், பழம் கைப்பையில் இருக்கிறதா?
6. கூடப் போகிறவர் யார்? அவர் விழித்திருப்பாரா?
7. போகிற ஊரில் எந்த ஆஸ்பத்திரி? இறங்குமிடத்தில் அழைத்துப் போக யார் வருவார்?

இவ்வளவுதான். சென்ற வருடம் நம் தங்கை மகள் தலைப்பிரசவத்துக்கு ஊர் போக வேண்டியிருந்தது. அவள் 24 வாரத்தில் இருந்தாள். நம் கடையில் இருப்புக் கணக்கு எடுக்கும் நேரம் அது. கடையை இரண்டு நாள் அடைத்துவிட்டு நாமே காரில் கொண்டுபோய் விட்டோம். வழியில் நான்கு இடத்தில் இறங்கி நடந்தோம். "மாமா, கால் வலிக்கலே, போதும் ஏறுங்க" என்று அவளே சொன்னாள். இரண்டு நாள் வியாபாரம் போனது உண்மை. அடுத்த வாரமே அது திரும்பி வந்துவிட்டது. 2014-ல் அதே இரண்டு நாளைக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

சரக்குக்குத் தேதி நாம் குறிக்கலாம். கர்ப்பிணியின் பிரயாணத் தேதியை அவருடைய உடல்தான் குறிக்க வேண்டும். கடை அதற்கு ஒதுங்கி நிற்க வேண்டும். நம் வீட்டுத் தாய்மார்கள் அனைவரையும் அல்லாஹ் சுகமாகப் போய், சுகமாகப் பெற்று, சுகமாகத் திரும்ப வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.